புது ஃப்ளேவர் யோகர்ட்டை ருசி பார்த்து மதிப்பிடுவது எப்படி: மலை ஊர்களுக்கான முழு வழிகாட்டி

கடைக்குப் புதிதாக ஒரு யோகர்ட் வந்திருக்கிறது. வாங்கி வந்து மூடியைக் கிழித்து, அடிவரை கலக்கி, ஒரு வாய் போட்டதும் "பரவாயில்லை" என்றோ "தண்ணியா இருக்கு" என்றோ சொல்லிவிடுகிறோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இந்த அவசரத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். கப்பில் தெரிகிற குறை ஆலையில் வந்ததாக இருக்கலாம், மலைப்பாதையில் வந்ததாக இருக்கலாம், குளிரில் மரத்துப்போன நம் நாக்கில் இருக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் வேலையே. அதற்கு வரிசை முக்கியம். ஒரு படியை முன்பின் மாற்றினால் சில விஷயங்களைத் திரும்பப் பார்க்கவே முடியாது.

கடைக் கப் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும், வீட்டில் யோகர்ட் செய்து விற்க நினைப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரே ஃப்ளேவரில், ஒரே தேதியில் தயாரான கப் மூன்று. ஒன்று போதாதா என்றால், போதாது. ஒன்று ருசி பார்க்க, ஒன்று மறுநாளுக்கு, ஒன்று சந்தேகம் வந்தால் திறக்க. முடிந்தால் அதே கம்பெனியின் சாதா யோகர்ட், அதாவது சர்க்கரையும் பழமும் சேராதது, ஒரு கப்.

சின்ன எவர்சில்வர் ஸ்பூன் நாலைந்து, ஒரு கறுப்பு அல்லது கரும்பச்சைத் தட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், உப்புக் காரம் சேராத பொரி ஒரு கை, பேனா, தாள். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் ரொம்ப நல்லது.

ஸ்பூன் ஏன் நாலைந்து? வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி கப்பில் விடக்கூடாது. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்கிற நொதி ஸ்டார்ச்சை உடைக்கும். ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கிய யோகர்ட்டில் எச்சில் ஸ்பூன் பட்டால் கொஞ்ச நேரத்தில் அது இளகித் தண்ணீராகும். அப்புறம் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

2. கடையில் பார்க்க வேண்டியது

"இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு?" என்று ராத்திரி ஸ்விட்சை அணைக்கிற கடைகள் மலையில் உண்டு. ராத்திரிக் குளிர் உண்மைதான். ஆனால் பகலில் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் விழுகிற அலமாரி நன்றாகவே சூடேறும். யோகர்ட்டில் இருக்கிற கிருமிகள் உயிருள்ளவை. 5 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டத் தூங்கும், 15 டிகிரி தாண்டினால் மெதுவாக வேலை செய்யும். புளிப்பு நாளுக்கு நாள் ஏறும். ஆகவே கப்பைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லென்று உணரவில்லை என்றால் அந்தக் கப் மதிப்பீட்டுக்கு ஆகாது.

ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டியிருக்கிற கப்பையும் எடுக்காதீர்கள். அது உறைந்து இளகியிருக்கலாம். உறைந்த யோகர்ட் இளகும்போது தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற ராத்திரிகளில் கார் டிக்கியிலோ ஜன்னல் ஓரத்திலோ விட்ட கப்புக்கும் இதே கதிதான்.

ஒளி ஊடுருவும் கப்பாக இருந்தால், டியூப் லைட்டுக்கு நேராக முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டுப் பின்வரிசையில் எடுங்கள். பாலில் உள்ள ரைபோஃப்ளேவின் என்கிற வைட்டமின் வெளிச்சம் பட்டால் வினைபுரிந்து கொழுப்பைக் கெடுக்கும். ஈர அட்டை மாதிரி ஒரு வாடை வரும்.

தேதியைப் பொறுத்தவரை, தயாரித்த நாளுக்கும் காலாவதி நாளுக்கும் நடுவே இருக்கிற கப்தான் நியாயமானது. கடைசி இரண்டு மூன்று நாளில் இருக்கிற கப்பை ருசி பார்த்து "புளிக்குது" என்று எழுதுவது அநியாயம்.

3. லேபிளில் இப்போது கொஞ்சம், மீதி பிறகு

ருசி பார்ப்பதற்கு முன் லேபிளில் நான்கே விஷயம் பாருங்கள்: தேதி, சைவத்தின் பச்சைப் புள்ளியா அசைவத்தின் பழுப்பு முக்கோணமா, ஒவ்வாமை தரும் பொருள் ஏதேனும் உண்டா, எந்த ஊரில் தயாரானது. தயாரான ஊர் எதற்கு என்பது மூடி திறக்கிற படியில் புரியும்.

பொருள் பட்டியலை இப்போது படிக்க வேண்டாம். "மாற்றியமைத்த ஸ்டார்ச்" என்று ஒருமுறை படித்துவிட்டால் நாக்கு மாவுப் பதத்தைத் தேடிக் கண்டுபிடித்தே தீரும். "நிஜப் பழம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் பழம் இல்லாத இடத்திலும் பழம் மணக்கும். ருசி தெரிந்தவர்களும் இதில் விழுவார்கள்.

4. வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு ஓய்வு

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற படி இது. சமவெளியிலிருந்து வரும் சரக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுகிறது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக வருவதும் இதே குலுக்கலில்தான் வருகிறது. யோகர்ட் என்பது பால் புரதம் பின்னிய வலை. அந்த வலைக்குள் தண்ணீர் நிற்கிறது. குலுக்கினால் வலை அங்கங்கே அறும், தண்ணீர் வெளியே வரும்.

கப்பை நிமிர்த்தி வைத்து, 4 டிகிரி அளவில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் 12 மணி நேரம் அசையாமல் விடுங்கள். கலக்கி நிரப்பிய வகை யோகர்ட் இந்த நேரத்தில் ஓரளவு மறுபடி கட்டிப்படும். கப்பிலேயே உறைய விட்ட வகை அப்படித் திரும்பாது, ஆனால் பிரிந்த தண்ணீரில் கொஞ்சம் உள்ளே இறங்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் திறந்தால் நீங்கள் மதிப்பிடுவது பஸ் பயணத்தைத்தான்.

5. ஒப்பிட ஒரு கிண்ணம்

ஒப்பீடு இல்லாமல் "பழ ருசி குறைவு" என்று சொல்ல முடியாது. எதைவிடக் குறைவு? மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, பழம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும். ஸ்ட்ராபெரி யோகர்ட் என்றால் நீலகிரி ஸ்ட்ராபெரி. பேஷன் ஃப்ரூட் என்றால் வேலியில் படர்ந்திருக்கும் தாட்பூட் பழம். வாழைப்பழ யோகர்ட் என்றால் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி மலைவாழை. ப்ளம்ஸ், பேரிக்காய்க்கும் சீசன் உண்டு.

தாட்பூட்டுக்கு: சாதா யோகர்ட் 80 கிராம், விதையோடு பழச்சதை 12 கிராம், சர்க்கரை 8 கிராம். சர்க்கரையைப் பழத்தில் கரைத்த பிறகே யோகர்ட்டில் சேருங்கள். நேராகப் போட்டால் கரைவதற்காக அதிகம் கலக்க வேண்டி வரும், பதம் போய்விடும்.

ஸ்ட்ராபெரிக்கு: 100 கிராம் பழத்தை 40 கிராம் சர்க்கரையோடு ஐந்தாறு நிமிடம் கொதிக்க விட்டு, நன்றாக ஆறியதும் 80 கிராம் யோகர்ட்டுக்கு 20 கிராம் வீதம். பச்சைப் பழத்தை அப்படியே போட்டால் தண்ணீர் விடும். கடைக் கப்பில் இருப்பதும் சமைத்த பழம்தான். பச்சைப் பழத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கம்பெனியும் தோற்கும்.

மலைவாழையைப் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் மசிக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

வீட்டுத் தயிரை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மலைக் குளிரில் வீட்டுத் தயிர் மெதுவாக உறையும், பல சமயம் நூல் விடும், மணமும் வேறு. யோகர்ட்டை 42 டிகிரி அளவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு கிருமிகளை வைத்து உறைய விடுகிறார்கள். பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு லேசான மணம் அதிலிருந்துதான் வருகிறது. அந்த அடிப்படை மணம் எது என்று தெரியாவிட்டால், ஸ்ட்ராபெரி கப்பில் அதை முகர்ந்துவிட்டுப் பழுக்காத பழம் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவீர்கள்.

6. வாயும் அறையும்

காலை பத்து, பதினொரு மணி சரியான நேரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், பசியும் வந்திருக்கக் கூடாது.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து டீ கிடையாது. நீலகிரியில் இது கடினமான விதி என்பது தெரியும். ஆனால் டீயின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு யோகர்ட்டின் வழவழப்பை மறைத்துவிடும். கூடவே வர்க்கியும் வேண்டாம், அதன் நெய்ப்பசை வாயில் படியும். சாக்லேட், பெப்பர்மின்ட், மிளகு ரசம் எதுவும் ஆகாது.

அறையில் நீலகிரித் தைலம் தடவியவர் யாராவது இருந்தால் மணப் பரிசோதனையை வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். சளி பிடித்தவர் ருசி பார்ப்பதிலும் பயனில்லை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. விறகுப் புகை, சாம்பிராணி, ரூம் ஃப்ரெஷ்னர் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

வாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளியுங்கள். குளிர்ந்த தண்ணீர் நாக்கை மேலும் மரக்க வைக்கும். ஒரு கப்புக்கும் அடுத்த கப்புக்கும் இடையில் நாலு பொரி, ஒரு வாய் தண்ணீர், இரண்டு நிமிட இடைவெளி.

7. சரியான குளிர்ச்சி

10 முதல் 12 டிகிரி. இதற்குக் கீழே போனால் இனிப்பு குறைவாகத் தெரியும், மணம் மேலே எழாது, கொழுப்பு இறுகி மெழுகு போலப் படும். 16 டிகிரி தாண்டினால் பதம் தளர்ந்து, இனிப்பு தூக்கலாகத் தெரியும்.

மேஜை மேல் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூரிலோ வத்தலக்குண்டிலோ 15 நிமிடத்தில் வந்துவிடும். ஜனவரியில் ஊட்டி வீட்டுக்குள்ளேயே 12, 13 டிகிரிதான் இருக்கும். அங்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அவசரப்பட்டு வெந்நீரில் வைக்காதீர்கள். ஓரம் மட்டும் இளகி நடு அப்படியே இருக்கும். இரண்டாவது கப்பில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் முதல் கப்பைக் கெடுக்காமல் கணக்கு தெரிந்துவிடும். எல்லாக் கப்பையும் ஒரே நேரத்தில் வெளியே எடுங்கள்.

8. உப்பிய மூடி

"மூடி உப்பியிருந்தால் கெட்டுப்போனது, தூக்கிப் போடு." சமவெளியில் இது நல்ல விதி. மலையில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊரில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். கீழே அடைத்த கப்பினுள் இருக்கும் காற்று மேலே வந்ததும் விரியும், மூடி மேடாகும். மேட்டுப்பாளையத்தில் தளர்ந்து கிடந்த சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக் கடையில் விம்மி நிற்பதும் இதனால்தான். கொடைக்கானலும் 2,100 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கேயும் இதே நிலைதான்.

நிஜமாகவே ஈஸ்ட் வளர்ந்து வாயு சேர்ந்தாலும் மூடி உப்பும். எப்படிப் பிரிப்பது? கடையில் அதே வரிசையில் இருக்கிற எல்லாக் கப்பும் ஒரே அளவு மேடாக, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் உயரத்தால் வந்தது. ஒன்றிரண்டு மட்டும், அதுவும் கல் மாதிரி விறைத்து நின்றால் வாயு. தயாரான ஊரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்: மலையிலேயே அடைத்த கப் மலையிலேயே உப்பினால் அதற்கு உயரம் காரணமாக இருக்க முடியாது. அதை வாங்காதீர்கள்.

திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு மூலையை மெல்லத் தூக்கிக் காற்றை விட்ட பிறகு முழுவதும் உரியுங்கள். ஒரேயடியாகக் கிழித்தால் சட்டையில் தெறிக்கும். உயரத்தால் உப்பியது 'புஸ்' என்று ஒரு மூச்சோடு அடங்கும். கெட்டது என்றால் மேற்பரப்பில் குமிழ்கள் இருக்கும், கள் வாடை வரும். அதை ருசி பார்க்கத் தேவையில்லை. பூஞ்சணம் பொட்டு அளவு இருந்தாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் கூடாது. கப்போடு போட வேண்டும்.

9. கலக்காமல் கண்ணால்

இங்கேதான் கை பரபரக்கும். கலக்கிவிட்டால் இந்தப் படி போயே போய்விட்டது.

மேலே நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். லேசான பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது மோர்த்தண்ணீர், கெடுதல் இல்லை. கப்பைச் சாய்த்து ஒரு ஸ்பூனில் வடியுங்கள். 100 கிராம் கப்பில் அரை டீஸ்பூன் வரை மலைப்பாதைக்குக் கழித்துவிடலாம். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் நின்றால் கெட்டிப்படுத்தியதில் குறை. வடித்ததைக் கொட்டாதீர்கள், பிறகு திரும்ப ஊற்றிக் கலக்க வேண்டும்.

அடுத்து ஸ்பூனால் ஒரு கரண்டிக் குழி வெட்டி எடுங்கள். குழியின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நின்றால் கப்பில் உறைந்த வகை. மெல்லச் சரிந்து மூடிக்கொண்டால் கலக்கி நிரப்பிய வகை. இரண்டும் சரியே, ஆனால் ஒன்றின் இலக்கணத்தை வைத்து மற்றதைக் குறை சொல்லக் கூடாது. ஒரு நிமிடம் கழித்துக் குழியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தைப் பார்க்க எடுத்ததை வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள். நிஜ ஸ்ட்ராபெரியின் சிவப்பு பாலில் கலந்தால் மங்கிய இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். பளீரென்ற ரோஸ் என்றால் நிறம் சேர்த்திருக்கிறார்கள். பழத்துண்டைச் சுற்றி நிறம் கசிந்து வளையம் கட்டியிருப்பது குறையல்ல.

10. மணம்

கப்பை மூக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்து, சின்னதாக இரண்டு முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. முதலில் பால் புளிப்பு மணம் வருகிறதா, பழ மணம் வருகிறதா என்று எழுதுங்கள்.

செயற்கை ஸ்ட்ராபெரி பபிள்கம்மை நினைவூட்டும். நிஜமானது ஜாம் கொதிக்கும் வாடையை. செயற்கை வாழை மணத்தில் நகப்பூச்சின் காரம் இருக்கும், பக்கத்திலேயே மசித்த மலைவாழைக் கிண்ணம் இருந்தால் இது ஒரே நொடியில் தெரிந்துவிடும். தாட்பூட் மணம் இயல்பிலேயே கடுமையானது, அதிகமாக மணக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

11. முதல் மூன்று வாய்

முதல் வாய்க்கு மதிப்பெண் கிடையாது. அது நாக்கைப் பழக்க. முதல் வாயில் எப்போதும் இனிப்புதான் ஜெயிக்கும், அதனால்தான் கடையில் ஒரு ஸ்பூன் சாம்பிள் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் வாய், பழம் படாத வெள்ளைப் பகுதியிலிருந்து. கீழே பழமும் மேலே யோகர்ட்டும் உள்ள வகையில் இது சுலபம். புளிப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். உடனே வந்து சுத்தமாகப் போனால் நல்லது. சுள்ளென்று ஏறித் தொண்டையில் நின்றால் கப் பழசு, அல்லது நடுவில் சூடு பட்டிருக்கிறது. கசப்பு இருந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. நாக்கில் சுறுசுறுவென்று சோடா போலப் பட்டால் துப்பிவிடுங்கள், அது ஈஸ்ட்.

மூன்றாம் வாய், பழத்தோடு. இனிப்பு எப்போது வருகிறது என்பதையும் குறியுங்கள். சர்க்கரை உடனே வரும், சீக்கிரம் போகும். தாமதமாக வந்து, விழுங்கிய பிறகும் நாக்கின் பின்பக்கம் தங்கினால் சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி சர்க்கரைக்கு மாற்றான இனிப்பு ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டு.

விழுங்கிய பிறகு முப்பது வினாடி எண்ணுங்கள். அப்போது வாயில் மிஞ்சுவது பழமா, வெறும் சர்க்கரையா, பால்பவுடரா, காறலா? ஒரு வார்த்தை எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன் எழுதுங்கள். "மாவு மாவா இருக்குல்ல அண்ணி?" என்று ஒருவர் வாய் திறந்துவிட்டால் அறையில் இருக்கிற எல்லாருக்கும் மாவாகத்தான் இருக்கும்.

12. பதம்

ருசிக்கு ஆளுக்கு ஆள் மாறுகிற பிடிப்பு உண்டு. பதம் அப்படியல்ல, இதில் கண்டுபிடித்துச் சொல்ல நிறைய இருக்கிறது. யோகர்ட்டின் சரி தப்பு பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

முதல் சோதனை வாய்க்கு வெளியே. ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். கட்டியாகத் தொப்பென்று விழுகிறதா, நாடா போல மடிந்து இறங்குகிறதா, நூல் விடுகிறதா? நூல் விடுவது அந்தக் கிருமி வகை உண்டாக்கும் பசையால். கொஞ்சம் இருந்தால் வழவழப்பு தரும், அரை விரல் நீளத்துக்கு நூல் இழுத்தால் கொழகொழப்பு.

அடுத்து கறுப்புத் தட்டின் மேல் கால் ஸ்பூன் வைத்து, ஸ்பூனின் முதுகால் மெல்லியதாக இழுத்துத் தேயுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போல ஒரே பூச்சாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திப்பி. வெள்ளைக் கப்பில் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தட்டை வாங்கச் சொன்னது இந்த ஒரு வேலைக்காகத்தான்.

இனி வாய்க்குள். ஒரு ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து, மெல்லாமல் மேலண்ணத்தில் அழுத்துங்கள்.

நறநறவென்று மணல் மாதிரி பட்டால் பால்பவுடர் சரியாகக் கரையவில்லை. சின்ன மென்மையான குருணைகளாக உருண்டால், உறையும்போது சூடு அதிகமாகிவிட்டது அல்லது புளிப்பு வேகமாக ஏறிவிட்டது. சுண்ணாம்பு தடவியது போல வாய் உலர்ந்தால் பவுடரின் அளவு அதிகம்.

மாவுப் பசை போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, சில வினாடியில் சட்டென்று நீர்த்துப்போனால் ஸ்டார்ச். முதல் படியில் சொன்ன எச்சில் நொதி இங்கே உங்களுக்கு உதவுகிறது. அல்வாத் துண்டு மாதிரி உடைந்து, பிறகு சுத்தமாகக் கரைந்தால் ஜெலட்டின். அது உடல் சூட்டிலேயே உருகும். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது, அதனால் பச்சைப் புள்ளி போட்ட கப்பில் இருக்காது. உடைந்த துண்டுகள் கரையாமல் சின்னச் சின்னதாக நின்றால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் வகையாக இருக்கலாம், அது வாய்ச் சூட்டில் உருகாது.

நல்ல யோகர்ட் அழுத்தியதும் எதிர்ப்புக் காட்டி, பிறகு ஒரே சீராகப் பரவி, எதையும் ஒட்ட வைக்காமல் இறங்கும். பாலைப் புளிக்க வைக்கும் முன் 85 டிகிரியில் அரை மணி நேரமோ, 90 முதல் 95 டிகிரியில் ஐந்து நிமிடமோ காய்ச்சினால் மோர்ப் புரதங்கள் பாலின் முக்கியப் புரதமான கேசினோடு சேர்ந்து வலை பலமாகும், தண்ணீர் விடாது. மலையில் வீட்டில் செய்து விற்பவர்கள் "பொங்கினதும் இறக்கிட்டேன்" என்று இங்கே தவறுவார்கள். சட்டி பொங்கி வந்ததும் உடனே இறக்கிவிட்டால் பால் அந்தச் சூட்டில் போதுமான நேரம் நிற்பதில்லை. உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சூட்டை ஏற்றி நேரத்தை மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. பொங்கிய பிறகு சிறு தீயில் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் வைக்க வேண்டும்.

13. கலக்கிப் பார்ப்பது

வடித்த தண்ணீரைத் திரும்ப விட்டு, அடியிலிருந்து மேலாகப் பத்துச் சுற்று, நிதானமாக. அடிப்பது போலக் கலக்காதீர்கள். கப்பில் உறைந்த வகை இதில் கொஞ்சம் இளகும், அது இயல்பு. பால் மாதிரி ஓடினால் புரதம் குறைவு.

பழத்துண்டைத் தனியாக எடுத்துச் சப்பிப் பாருங்கள். பழத்துக்கு நார் இருக்கும், பல்லில் கொஞ்சம் எதிர்க்கும். ஜெல்லி உருண்டைக்கு நார் கிடையாது. தாட்பூட் விதை நறுக்கென்று உடைய வேண்டும்.

14. இப்போது முழு லேபிள்

பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு என்ற வரிசையில் இருக்கும். சர்க்கரை பழத்துக்கு முன்னால் வந்தால் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம்.

கெட்டியாக்கவும் நிறத்துக்கும் இனிப்புக்கும் சேர்த்த பொருட்களை லேபிளில் எண்ணால் குறிப்பார்கள். அவற்றில் சிலவற்றை நினைவில் வைத்தால் போதும். கெட்டியாக்க 440 பெக்டின், 412 குவார் கோந்து, 407 கராஜீனன், 406 அகர், 1422 மற்றும் 1442 மாற்றியமைத்த ஸ்டார்ச், 428 ஜெலட்டின். நிறத்துக்கு 162 பீட்ரூட் சிவப்பு, 122, 124 செயற்கைச் சிவப்பு. இனிப்புக்கு 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. நீங்கள் எழுதியதோடு ஒத்துப்பார்த்தால் உங்கள் நாக்கு எவ்வளவு சரி என்று தெரியும்.

100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 14 கிராம் என்று போட்டிருந்தால் அதில் நாலைந்து கிராம் பாலின் சொந்தச் சர்க்கரை. மீதி ஒன்பது பத்து கிராம் சேர்த்ததும் பழத்தில் வந்ததும், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன்.

புளிக்க வைத்த பிறகு சூடுபடுத்தியது என்ற குறிப்பு இருந்தால் அதில் உயிருள்ள கிருமி இருக்காது. ருசிக்கு மதிப்பெண் கொடுக்கலாம், ஃபிரிட்ஜில் வைத்த யோகர்ட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது.

15. மதிப்பெண்

மொத்தம் 20. சுவைக்கு 8, பதத்துக்கு 6, மணத்துக்கு 4, தோற்றத்துக்கு 2. தோற்றத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றால், அதில் பாதி மலைப்பாதை செய்த வேலை. கசப்பு, ஈஸ்ட், காறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்றதைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், கப் தேறவில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுதாத மதிப்பெண் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. "பதம் 4: தட்டில் திப்பி இல்லை, வாயில் மாவு ஒட்டல்" என்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

ஒரே நாளில் நாலு ஃப்ளேவருக்கு மேல் வேண்டாம். இனிப்பு குறைந்ததில் தொடங்குங்கள். காபி, சாக்லேட் கடைசியில்.

16. இரண்டு கம்பெனிக்கு நடுவே சந்தேகம் வந்தால்

வீட்டில் ஒருவரை மூன்று கிண்ணங்களில் 30 கிராம் வீதம் போடச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே யோகர்ட், ஒன்றில் மற்றது. கிண்ணத்தில் பெயரோ 1, 2, 3 என்ற எண்ணோ வேண்டாம். 1 என்றாலே உசத்தி என்று மனது சொல்லும், ஆகவே 482, 157, 936 என்று ஏதாவது மூன்றிலக்க எண். போட்டவர் அறையில் நிற்கக் கூடாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேறானது எது என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாக வந்துவிடும். கிண்ணத்தை மாற்றி மாற்றி மூன்று முறை செய்து மூன்றும் சரியாக வந்தால், அது அதிர்ஷ்டமாக இருக்க 27-ல் ஒரு வாய்ப்புதான். வித்தியாசமே சொல்ல முடியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள்.

17. மறுநாள் காலை

இரண்டாவது கப்பை முதல் நாளே திறந்து, சுத்தமான ஸ்பூனால் பாதியை எடுத்துவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் குழியில் ஊறிய தண்ணீரைப் பாருங்கள், ஒரு வாய் ருசியுங்கள். பழத்தின் மணம் அப்படியே இருந்து புளிப்பு கொஞ்சம் ஏறியிருந்தால் சரி. மணம் காணாமல் போய் இனிப்பு மட்டும் நின்றால் சுவை மதிப்பெண்ணில் ஒன்றைக் குறையுங்கள்.

முதல் கப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மூன்றாவது கப்பைத் திறந்து ஒன்பதாம் படியிலிருந்து செய்யுங்கள். அதுவும் முதல் கப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், வேறு தேதியில் தயாரான கப்பை வேறொரு கடையிலிருந்து வாங்கி வரும்வரை தாளில் மதிப்பெண்ணைப் பென்சிலில் எழுதி வையுங்கள்.